மஞ்சள் பூசிய குண்டும் லேப்காரம்மாவும்

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். லேப்காரம்மாவைப் பற்றிப் பேச்செடுத்தால் பக்கத்தில் நின்ற என்னை எல்லாரும் மறந்துவிடுவார்கள். அது எனக்குப் பழகிப்போன விஷயம்.

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் டிப்போ கட்டினேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், தோளில் சாக்கை மடித்துப் போட்டு ஐஸ் பாரைச் சுமந்தவன், அதே ஐஸுக்கு முதலாளி ஆனேன். கடன் கேட்டுப் போன இடத்திலெல்லாம் யார் ஜாமீன் என்றார்கள். என் முதுகுதான் ஜாமீன் என்றேன். சிரித்தார்கள். பிறகு அவர்கள் வீட்டு மீனுக்கும் என் ஐஸ்தான் போனது. உப்புத்தண்ணீர் ஊறுகிற பள்ளத்தில் வீடு நிற்காது என்று மேஸ்திரிகள் கைவிரித்தார்கள். அந்தப் பள்ளத்தில்தான் மாடிவீடு கட்டினேன். இரண்டாயிரத்துப் பதினொன்று கடைசியில் அடித்த புயலில் தெருவெங்கும் கூரை ஓடும் தகரமும் பறந்தபோது என் வீட்டில் ஒரு ஜன்னல் கொக்கிகூடக் கழலவில்லை. பெண்பிள்ளைகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தேன். வேன் வாங்கி வாடகைக்கு விட்டேன். அதிலும் கடைசியாக வாங்கியது ஜன்னலுக்குத் திரை போட்ட வண்டி, கல்யாணக்காரர்கள் நாள் சொல்லிக் காத்திருப்பார்கள்.

இதெல்லாம் செங்கல், இரும்பு, ஐஸ். இவை எதுவும் இல்லாமல் நான் கட்டிய ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அதற்கு ஞாயிற்றுக்கிழமை வண்டி என்று பெயர். அப்பன், ஆத்தா, பிள்ளைகள் என்று குடும்பம் குடும்பமாக ஏறிக்கொண்டு கோட்டை, கோயில், பழைய துறைமுகம் என்று போய், பிள்ளைகள் தங்கள் ஊர்ச் சரித்திரத்தைக் கண்ணால் பார்த்து எழுதிய வண்டி. ஆனால் இதை மட்டும் ஊரே சேர்ந்து லேப்காரம்மாவின் கணக்கில் எழுதிவிட்டது. அந்தம்மா எப்படிப்பட்டவர் என்று சொல்கிறேன். அதில் என் பங்கு எது என்பது தானாகத் தெரியும்.

என் வீட்டு மாடிக்குக் குடிவந்தவர் அவர். ஆஸ்பத்திரி லேப்பில் ரத்தம், சளி, சிறுநீர் பார்த்துச் சொல்கிற வேலை. புருஷன் நெய்வேலியில் ஷிப்ட் பார்த்துவிட்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார். ஜோயல் என்று ஒரே பையன். அந்தம்மாவுக்குக் குள்ளமான உருவம், வேகமான நடை, கையில் எப்போதும் ஸ்பிரிட் வாடை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு கண்ணைச் சாய்த்துக்கொண்டு எதையும் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பார். கத்தரிக்காய் வாங்கினால்கூட அப்படித்தான். எங்கள் மார்க்கெட்டில் அவரைக் கண்டால் காய்க்காரிகள் சொத்தையை முன்னாடியே எடுத்துத் தனியாக வைத்துவிடுவார்கள்.

வீடு பார்க்க வந்த அன்றைக்கே அவர் குணம் எனக்குத் தெரிந்துபோனது.

"இந்த ஏரியாவுலேயே எங்கூட்டுத் தண்ணிதாம்மா தண்ணி. இளநி மாதிரி இருக்கும்" என்றேன்.

அந்தம்மா கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்து, குழாயில் கழுவி, தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். மறுநாள் சாயங்காலம் வந்தார்.

"வீடு புடிச்சிருக்குண்ணே. காத்து நல்லா வருது. தண்ணியில உப்பு ஜாஸ்தி. குடிக்க நாங்க கேன் வாங்கிக்கிறோம்."

"வீடு கட்டுன நாள்லேர்ந்து இதத்தான் குடிக்கிறோம். எங்களுக்கு ஒண்ணும் ஆவலையே."

"அண்ணிக்குக் காலு வீங்கியிருக்கே, பாத்தீங்களா?"

திரும்பி என் சம்சாரத்தின் காலைப் பார்த்தேன். வீங்கித்தான் இருந்தது. கூடவே குடித்தனம் நடத்துகிறேன், என் கண்ணில் அது படவில்லை. ஒரு டம்ளர் காபிக்கு உட்கார்ந்தவர் கண்ணில் பட்டுவிட்டது. அந்த வாரமே எங்கள் வீட்டுக்கும் கேன் வந்தது.

கேட்டதை ஒரு பக்கம், பார்த்ததை ஒரு பக்கம் என்று பிரித்து வைத்துக்கொள்கிற ஆள் அந்தம்மா. இரண்டையும் கலக்க மாட்டார். அவ்வளவுதான் அவர். ஆனால் அந்த ஒரு குணத்தை வைத்துக்கொண்டு எங்களையெல்லாம் என்ன பாடு படுத்தினார், எங்கெல்லாம் கூட்டிக்கொண்டு போனார் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு எழுந்து வண்டிச் சாவியைத் தேடத் தோன்றுகிறது.

என் பேத்தி கயல் எங்கள் வீட்டில் இருந்துதான் படித்தாள். அவளும் ஜோயலும் ஒரே வகுப்பு. ஒருநாள் பள்ளிக்கூடத்தில், உங்கள் ஊரின் வரலாற்றைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கயல் என்னிடம் வந்தாள். எனக்கா தெரியாது? தேவனாம்பட்டினம் கோட்டையிலிருந்து சிதம்பரம் கோயில் வரைக்கும் பூமிக்கடியில் சுரங்கம் இருக்கிறது, ராஜா காலையில் குதிரையில் புறப்பட்டால் உச்சிக்காலப் பூஜைக்குப் போய்ச் சேருவார் என்று சொன்னேன். பேத்தி அப்படியே எழுதிக்கொண்டு, ஜோயலிடமும் படித்துக் காட்டியிருக்கிறாள். அந்தி சாய்வதற்குள் லேப்காரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார்.

"அண்ணே, சுரங்கத்த நீங்க பாத்தீங்களா?"

"எங்கப்பா சொன்னாரும்மா."

"அவரு பாத்தாரா?"

"அவரு போய்ச் சேந்து எவ்ளோ காலம் ஆவுது, அவரப் போய் இப்ப எப்படிக் கேக்கறது?"

"அவரக் கேக்க முடியாது. கோட்டை இங்கதான இருக்கு, அதக் கேக்கலாம். ஞாயித்துக்கெழம உங்க வண்டி சும்மாதான நிக்குது?"

"வண்டி சும்மா நிக்கலம்மா. ரெஸ்ட்டு எடுக்குது."

அப்படிச் சொன்னேனே தவிர, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் முதல் ஆளாக வண்டியைத் துடைத்தது நான்தான். உண்மையைச் சொன்னால் சுரங்கத்தைப் பார்க்கவேண்டும் என்று எனக்கே கொள்ளை ஆசை.

எங்கள் வீடு, லேப்காரம்மா வீடு, தெருவில் பிள்ளைகளோடு படித்தவர்களின் குடும்பம் இன்னும் இரண்டு. புளிச்சோறு, அவித்த முட்டை, ஒரு தூக்கு மோர். என் சம்சாரத்தின் தம்பி, அதாவது என் மச்சான், மீன் வண்டி ஓட்டிப் பழகியவன். தேவனாம்பட்டினத்துச் சந்துபொந்தெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு என்பதால் அன்றைக்கு ஸ்டியரிங்கில் அவனை உட்காரவைத்தேன்.

கெடில ஆறு கடலில் விழப் போகிற இடத்தில் நின்ற கோட்டை அது. இப்போது செங்கல் சுவர்களும் வளைவுகளும்தான் மிச்சம். சுவரைப் பிளந்துகொண்டு ஆலமரம் நிற்கும். புதருக்குப் பின்னால் ஒரு வளைவு வாய் திறந்துகொண்டு இருட்டாகத் தெரிந்தது. பார்த்ததும் எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. "பாத்தீங்களாம்மா, நான் என்னா சொன்னேன்?" என்றேன்.

மச்சான் வேட்டியை மடித்துக் கட்டினான். "பாம்பு கீம்பு இருந்தாலும் இருக்கும். மொதல்ல நான் போறேன்" என்று டார்ச்சை வாங்கிக்கொண்டு குனிந்து உள்ளே போனான். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு குரல் மட்டும் வந்தது.

"மாமா, சிதம்பரம் வந்துடுச்சு. கோபுரத்தக் காணும். ரெண்டு ஆடுதான் நிக்குது."

பத்தடி தள்ளிச் சுவர் எழுப்பி மூடியிருந்தது. எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் சம்சாரம் சிரித்த சிரிப்பு ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். லேப்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர் சுவருக்கு மூக்கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"கயலு, இங்க வா. இந்தச் சுண்ணாம்புல என்னா இருக்கு பாரு."

பேத்தி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுக் கத்தினாள். "தாத்தா, கடலு செவுத்துக்குள்ள இருக்கு."

செங்கல்லுக்கு இடையில் பூசியிருந்த காரையில் பொடிப்பொடியாகக் கிளிஞ்சல். கரையில் கிடந்த கிளிஞ்சலைச் சுட்டு அரைத்துக் கட்டியிருக்கிறார்கள், வேகாத துண்டுகள் அப்படியே நின்றுவிட்டன. அவ்வளவுதான், பிள்ளைகள், தாய்மார்கள், நான், மச்சான் எல்லாரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டோம். இங்கே ஒரு சிப்பி, அங்கே ஒரு சங்கு முனை என்று ஒரே கூச்சல். ஆட்டுக்காரர் வந்து, தங்கம் கிடைத்ததா என்று கேட்டுவிட்டுப் போனார்.

சாப்பிட்ட பிறகு லேப்காரம்மா பிள்ளைகளை உட்காரவைத்து எழுதச் சொன்னார். வளைவு இருக்கிறது, உள்ளே சுவர் மூடியிருக்கிறது, காரையில் கிளிஞ்சல் இருக்கிறது. இது பார்த்தது. கீழே ஒரு கோடு. சுரங்கம் இருந்ததாகக் கயலின் தாத்தா சொல்கிறார். இது கேட்டது.

"அதான் இல்லன்னு ஆயிடுச்சே, அதையும் எழுதணுமா?" என்றான் ஜோயல்.

"கேட்டதும் வேணும்டா. கேட்டதுன்னு போட்டு எழுதணும், அவ்ளோதான்."

திரும்பி வரும்போது வண்டியில் பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில் கேட்டது, அடுத்த வாரம் எங்கே என்றுதான். வண்டியின் சொந்தக்காரன் என்ற முறையில் நான் பதில் சொன்னேன். "திருவதிகை." இதை யாரும் மறுக்க முடியாது. அந்த இடத்தைச் சொன்னது நான்.

திருவதிகைக் கோயிலில் ஒரு உட்கார்ந்த கல்சிலை உண்டு. புத்தர் என்பார்கள் சிலர், சமண முனிவர் என்பார்கள் சிலர். எங்கள் வண்டிக்குள்ளேயே இரண்டு கட்சி ஆகிவிட்டது. மச்சான் புத்தர் கட்சி, நான் முனிவர் கட்சி. லேப்காரம்மா எந்தக் கட்சியிலும் சேரவில்லை. பிள்ளைகளைச் சிலைக்கு முன்னால் உட்காரவைத்து, காது எப்படி, முடி எப்படி, தோளில் புத்தர் போர்த்துகிற துணியின் கோடு இருக்கிறதா என்று பார்த்து வரையச் சொன்னார். ஒரு பிள்ளை கோடு இருக்கிறது என்றது, ஒன்று இல்லை என்றது. வெயில் நகர நகர அவர்களும் நகர்ந்து நகர்ந்து பார்த்தார்கள். சாய்ந்த வெயிலில் மெல்லிசாக ஒரு கோடு தெரிந்தது.

"அப்ப புத்தர்னு எழுதிடலாமா ஆன்ட்டி?"

"கோடு தெரியுதுன்னு எழுது. மீதிய இதையே படிச்சவங்ககிட்ட கேட்டு எழுதுவோம்."

மச்சான் என்னைப் பார்த்துக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டான். "கோடு எங்கட்சி மாமா" என்றான். அந்த வாரம் முழுக்க அவன் ஐஸ் டிப்போவுக்கு வரும்போதெல்லாம் தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டுதான் வந்தான்.

சிதம்பரத்துக்குப் போனது மார்கழி பிறப்பதற்கு முன்னால். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சைக்கிள், ஆட்டோ என்று நெரிசல். வண்டியைத் தேரடித் தெருவில் நிறுத்திவிட்டு நடந்தோம். லேப்காரம்மா ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்தவர், அதே புடவையோடு கோபுர வாசலில் செருப்பைக் கழற்றினார். எனக்கு உள்ளூர ஒரு கேள்வி இருந்தது, கேட்கவில்லை. அவரே என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "கும்புட வரலண்ணே, பாக்க வந்தேன். உங்க சாமி கோவிச்சிக்க மாட்டாரு." என் சம்சாரம், "ஆடுற சாமிக்குப் பாக்க ஆளு வந்தா சந்தோஷந்தான்" என்று அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

கோபுர வாசலின் இரண்டு பக்கச் சுவரிலும் கட்டம் கட்டமாக நடனப் பெண்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு வரிசை என்று பிரித்துக் கொடுத்தார் அந்தம்மா. பார்த்தால் போதாது, அதுபோல நின்று காட்ட வேண்டும். வடநாட்டு பஸ்ஸில் வந்த கூட்டம் சிலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தது. மச்சான் ஒரு காலைத் தூக்கி நிற்கப் பார்த்து அப்படியே மண்டபத்துத் தூணைக் கட்டிப்பிடித்தான். முட்டிவலிக்காரியான என் சம்சாரம் காலை விட்டுவிட்டுக் கையை மட்டும் மடக்கிக் காட்டினாள். "இந்தக் கையப் பாருங்க, சோறு போதும்னு மறிக்கிற கை மாதிரியே இருக்கு" என்றாள். பிள்ளைகள் அதைத்தான் முதலில் எழுதினார்கள்.

எல்லாரும் ஆடி ஓய்ந்த பிறகு லேப்காரம்மா நெற்றிக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார். "எல்லாரும் ஆடுறவளப் பாத்தீங்க. பக்கத்துல சின்னதா நிக்கிறாங்களே, தாளம் போடுறவங்க, அவங்கள யாரு பாத்தீங்க?"

திரும்பிப் பார்த்தோம். ஒவ்வொரு கட்டத்திலும் முழங்கால் உயரத்துக்குக் குட்டிக் குட்டியாக ஆட்கள், ஒருவன் மத்தளம், ஒருத்தி தாளம். அத்தனை நேரமும் எங்கள் எதிரிலேயே நின்றிருந்தார்கள். எனக்கு அந்தக் குட்டி ஆளைப் பார்க்கப் பார்க்க என்னமோ போல் இருந்தது. வண்டி இல்லாமல் வரலாறு எது என்று அன்றைக்கே வாய்விட்டுக் கேட்டிருக்க வேண்டும். கோயில் என்பதால் கேட்கவில்லை.

இப்போது குண்டு விஷயத்துக்கு வருகிறேன். எனக்கும் அந்தம்மாவுக்கும் பேச்சே முறிந்துபோக இருந்தது அதில்தான்.

ஒரு புத்தகத்தில் படித்துவிட்டு வந்து சொன்னார். இங்கிலீஷ்காரர்கள் மராட்டியரிடம் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டு, குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் உள்ள ஊர்களும் சேர்த்து என்று பேச்சாம். அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமம் என்றே பெயராம். கேட்டதும் வண்டிக்குள் ஒரே ஆரவாரம். அந்த ஞாயிற்றுக்கிழமை கோட்டையைச் சுற்றி ஊர் ஊராகப் போய், குண்டு எங்கே விழுந்தது என்று விசாரித்தோம். ஓர் ஊரில் டீக்கடைக்காரர், எங்கள் குளத்தில்தான் விழுந்தது, அதனால்தான் அந்த மூலையில் ஆழம் என்றார். அடுத்த ஊரில், ஒற்றைப் பனைமரத்தின் தலையைக் கொண்டுபோனது அந்தக் குண்டுதான் என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். பிள்ளைகள் எல்லாவற்றையும் கேட்டது என்ற கோட்டுக்குக் கீழே எழுதினார்கள்.

எனக்கோ அடுத்த ஊருக்குப் போக மனசில்லை, வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினேன். ஏனென்றால் குண்டு எங்கள் வீட்டில் இருந்தது.

அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்தது அது. சின்னத் தேங்காய் அளவு, தூக்கினால் தோள் இறங்குகிற கனம், இரும்பு. அன்றைக்கு மேஸ்திரி கன்னத்தில் போட்டுக்கொண்டு, பூமி கொடுத்தது, வெளியே போடாதீர்கள் என்றார். என் சம்சாரம் அதை எடுத்துக் கழுவி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, பூஜை அறையில் அரிசித் தாம்பாளத்தில் உட்காரவைத்துவிட்டாள். அன்றிலிருந்து அது குண்டுசாமி. வெள்ளிக்கிழமை தோறும் கற்பூரம். பூசிப் பூசி மஞ்சளே ஒரு தோலாக ஏறியிருந்தது. இரும்பு என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் லேப்காரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒரு கண்ணைச் சாய்த்துக்கொண்டு பார்த்தார். தொடவில்லை.

"அண்ணி, மஞ்சளச் சொரண்டிப் பாக்கலாமா?"

"சாமியப் போய்ச் சொரண்டுவாங்களா?" என்றாள் என் சம்சாரம்.

"அப்ப நீங்க எப்பக் கழுவுவீங்க?"

"தை வெள்ளிக்கு முழுசாக் கழுவிப் புதுசாப் பூசுவேன்."

"அன்னிக்கு நாங்க வரலாமா?"

அந்தத் தை வெள்ளிக்காகப் பிள்ளைகள் காத்திருந்தார்கள் பாருங்கள், பொங்கலுக்குக்கூட அப்படிக் காத்திருந்ததில்லை. குளித்து, ஈரத் தலையோடு வரிசையாக நின்றார்கள். என் சம்சாரம் புளி போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் கழுவக் கழுவ, கறுப்பாக இரும்பு வெளியே வந்தது. நூல் வைத்துச் சுற்றளவு எடுத்தார்கள். ஐஸ் டிப்போத் தராசில் வைத்து எடை பார்த்தார்கள். நடுவில் வளையம் போல ஒரு மேடான கோடு ஓடியது. இரண்டு அச்சைச் சேர்த்து வார்த்தால் வருகிற ஒட்டு அது என்றார் லேப்காரம்மா. ஜோயல் விரலால் அந்தக் கோட்டைத் தடவிக்கொண்டே சுற்றி வந்தான். கழுவி முடித்ததும் என் சம்சாரம் மறுபடி மஞ்சள் பூசினாள், லேப்காரம்மாதான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எனக்கு நிலைகொள்ளவில்லை. அந்த மாதக் கடைசியில் பள்ளிக்கூடத்தில் ஊர் வரலாற்றுக் கண்காட்சி. அதில் கடலூரின் எல்லையை வகுத்த குண்டு என் மனையில் கிடைத்தது என்று வரப்போகிறது. ஐஸ் தூக்கியவன் பெயர் சரித்திரத்தில். மறுநாளே ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்துவிட்டேன். 'வரலாற்றுக் குண்டு விழுந்த இல்லம்', பக்கத்தில் கைகூப்பிய என் படம். அதைக் கொண்டுபோய் லேப்காரம்மாவிடம் விரித்துக் காட்டினேன். கண்காட்சி வாசலில் கட்டவேண்டும் என்றேன்.

"அண்ணே, பீரங்கிக் குண்டுன்னு எழுதலாம். அந்தக் குண்டுதான்னு யாரு பாத்தது?"

"என் கண்ணு முன்னாடி தோண்டி எடுத்ததும்மா."

"கெடச்சதப் பாத்தீங்க. வுழுந்ததப் பாக்கலியே. இந்த ஊருக்காக இங்கிலீஷ்காரன் சுட்டான், பிரெஞ்சுக்காரன் சுட்டான். இது எவன் குண்டுன்னு நாம எப்படிச் சொல்றது?"

"அப்ப நான் பொய் சொல்றேன்றீங்க."

"பொய் இல்லண்ணே. நீங்க ஆசப்படுறீங்க."

வேறு யாராவது சொல்லியிருந்தால் திட்டி அனுப்பியிருப்பேன். இது அப்படி அனுப்பக்கூடிய வார்த்தையாக இல்லை. அதனால் கோபம் இன்னும் அதிகமானது.

"அப்படின்னா இனிமே ஞாயித்துக்கெழம வண்டி கெடையாது" என்றேன்.

"சரிண்ணே" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

கண்காட்சிக்குப் பரங்கிப்பேட்டை ஒன்றுதான் பாக்கி. அங்கே போய்ப் பார்க்காமல் பிள்ளைகளின் சார்ட் முடியாது. இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். என்னிடம் வந்து கேட்பார் என்று சனிக்கிழமை வரைக்கும் காத்திருந்தேன். கேட்கவில்லை. கயல் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். என் சம்சாரம் குண்டுசாமிக்குப் பூ வைத்துக்கொண்டே என் காதில் விழுகிற மாதிரிச் சொன்னாள். "இத்தன வருஷமா கும்புடுறேன். எவன் சுட்டதுன்னு நான் ஒருநாள் கேட்டனா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாக் குடும்பமும் தூக்குவாளியோடு பஸ்ஸுக்கு நடந்தது. என் சம்சாரமும்தான். வண்டி வாசலில் துடைத்து நின்றது, நானும் சட்டை மாட்டி நின்றேன். மச்சான் போகிறபோக்கில் நின்றான்.

"மாமா, வரலியா? கண்டக்டரு நல்ல மனுஷன், ஃப்ளெக்ஸுக்குத் தனி டிக்கெட் கேக்க மாட்டாரு."

அவர்கள் தெருமுனை திரும்பியதும் தெருவே காலியானது போல் இருந்தது. காலி வண்டியை ஞாயிற்றுக்கிழமையில் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை, அது வண்டிக்கு மரியாதை இல்லை. சாவியைத் திருகினேன். ஆலப்பாக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் பஸ்ஸைப் பிடித்தேன். முந்திக்கொண்டு போய் அடுத்த ஸ்டாப்பிங்கில் குறுக்கே நிறுத்தி ஹாரன் அடித்தேன். கண்டக்டர் தலையை வெளியே நீட்டினார்.

"என்னா பெருசு, ரோட்ட மறிச்சிக்கினு?"

"எங்க ஆளுங்க உள்ள இருக்காங்க. எறக்கி வுடு."

முதலில் பிள்ளைகள் குதித்தார்கள். நின்றுகொண்டே வந்ததில் எல்லாருக்கும் முகம் வேர்த்திருந்தது. லேப்காரம்மா கடைசியாக இறங்கி, எதுவுமே நடக்காதது போல எப்போதும் உட்காரும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணே, பரங்கிப்பேட்டையில உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"யாராவதா? ஊர் பாதி எங்கிட்ட ஐஸ் வாங்குன ஊரும்மா" என்றேன். அவ்வளவுதான் சமாதானம்.

பரங்கிப்பேட்டையில் என் பழைய வாடிக்கை பாய் ஒருவர். மகன்கள் துபாயில், அவர் மட்டும் படகைப் பார்த்துக்கொண்டு ஊரில் இருந்தார். எங்களைக் கண்டதும் டீ, சம்சா என்று தடபுடல். வெள்ளைக்காரன் காலத்தில் இரும்பு உருக்கிய ஆலை இருந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். "இங்கதான் உருக்குனாங்கன்னு எங்க வாப்பா சொல்லுவாங்க" என்று அவர் முடிப்பதற்குள் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து கேட்டார்கள். "அவுங்க பாத்தாங்களா?"

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்னா மாமா, புள்ளைங்களக் கூட்டிட்டு வருவீங்கன்னு பாத்தா, சி.ஐ.டி.ங்களக் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

ஆனால் அவரும் லேசுப்பட்டவர் இல்லை. வீட்டுக்கு நடத்திக்கொண்டு போய், கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்த கறுப்புக் கட்டி ஒன்றை உருட்டிக் காட்டினார். கிணறு வெட்டும்போது வந்ததாம். உருக்கிய இரும்பின் கசடு போல, குமிழி குமிழியாகப் பொங்கி உறைந்திருந்தது. கயல் அதை இரண்டு கையாலும் தூக்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டு, "பாத்தாச்சு, தூக்கியாச்சு" என்று கத்தினாள். அன்றைக்குத் திரும்பும்போது வண்டியில் எழுந்த சத்தத்தில் எதிரே வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துப் பதில் சொன்னான்.

கண்காட்சியன்று குண்டுசாமி என் சம்சாரத்தின் மடியில் உட்கார்ந்து, எலுமிச்சம்பழத்தோடு பள்ளிக்கூடம் போனது. எதிரில் கயலின் கையெழுத்தில் அட்டை. 'வீட்டு அஸ்திவாரத்தில் கிடைத்த இரும்புக் குண்டு. பீரங்கிக் குண்டாக இருக்கலாம். இதுதான் எல்லைக் குண்டு என்று தாத்தா சொல்கிறார். பாட்டி சாமியாகக் கும்பிடுகிறார்.' ஃப்ளெக்ஸை நான் என் வீட்டு முகப்பிலேயே கட்டிக்கொண்டேன். எனக்கும் தன்மானம் இருக்கிறது.

அன்றைக்குக் கூட்டம் முழுக்க எங்கள் மேஜையில்தான். வந்த பெண்கள் குங்குமம் வைத்தார்கள், பூ வைத்தார்கள். யாரோ ஒரு அம்மா கற்பூரத்தையே ஏற்றிவிட்டார். தலைமையாசிரியை ஓடிவந்து, இது என்ன கண்காட்சியா கோயிலா என்று கையைப் பிசைந்தார். பிள்ளைகள் திகைத்துப்போய் லேப்காரம்மாவைப் பார்த்தார்கள்.

"என்னப் பாக்காதீங்க. எழுதிக்குங்க. கண்காட்சிக்கு வந்தவங்க குண்டுக்குக் கற்பூரம் காட்டுனாங்க. இது கேட்டது இல்ல, பாத்தது" என்றார்.

அப்போது சிரித்தார் அந்தம்மா. கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரிச் சிரித்தார். அத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி அதன் பிறகும் பல வருஷம் ஓடியது. பிள்ளைகள் பெரியவர்களாகி இறங்கினார்கள், தெருவில் வேறு பிள்ளைகள் ஏறினார்கள். புயல் அடித்து ஓய்ந்த அடுத்த வருஷம் அவர் புருஷனுக்கு வேலை முடிந்தது, கோயம்புத்தூர்ப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். பள்ளிக்கூடத்தில் இப்போது ஓர் அறையையே ஒதுக்கி, பிள்ளைகள் வரைந்த சிலை, கோட்டை, குண்டுப் படம் எல்லாம் மாட்டியிருக்கிறார்கள். வாசலில் பலகை. குடும்பத்தோடு வரலாற்றுப் பயணம் என்பதைத் தொடங்கிவைத்தவருக்கு நன்றி என்று அந்தம்மாவின் பெயர். நல்ல எழுத்து, நல்ல பெயிண்ட். நான் இரண்டு முறை மேலும் கீழும் தேடிப் பார்த்தேன். என் பெயர் இல்லை.

அந்தம்மாவுக்கே போன் போட்டேன்.

"என் பேரு இல்லம்மா."

"அய்யோ, அது தப்புண்ணே. நான் ஸ்கூலுக்கு எழுதித் தர்றேன். என்னான்னு போடச் சொல்லணும்?"

"ஞாயித்துக்கெழம வண்டிய ஓட்டினவருன்னு போடச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருப்பார், எனக்குத் தெரியும்.

"அண்ணே, பாதி நாளு உங்க மச்சான்தான ஓட்டினாரு. நான் பக்கத்துல உக்காந்து பாத்தேனே."

மச்சான் ஓட்டினான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வண்டி யாருடையது? டீசல் யாருடையது? திருவதிகை என்று சொன்னது யார்? ஓடுகிற பஸ்ஸை மறித்துப் பிள்ளைகளை இறக்கியது யார்? பள்ளிக்கூடத்து நிர்வாகத்தார் இதைப் படித்தால் ஒரு வேலை செய்யுங்கள். பலகையில் அந்தம்மாவின் பெயருக்குக் கீழே இடம் இருக்கிறது, நான் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அதைவிடச் சின்ன எழுத்தாக இருந்தாலும் எனக்கு ஒப்புதல்தான். பாதி நாள் வண்டி ஓட்டியவர் என்றே போடுங்கள், அந்தம்மா சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும். ஆனால் பெயரை மட்டும் முழுசாகப் போடுங்கள்.